தட்டாஞ்சாவடியிலிருந்து ஐரோப்பா எத்தனை தூரம்?

கல்லூரி மாணவர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் பேச்சு ஒரு கட்டத்தில் வெளிநாட்டுக்குப் போய்விடும். ஒருவருக்குப் பாரிஸ், இன்னொருவருக்கு ரோம், மூன்றாமவருக்குப் பிராக். கல் பாவிய தெரு, மஞ்சள் சுவர், வளைந்த ஜன்னல், தெரு முனையில் ஒரு பழைய தேவாலயம்... கேட்கவே நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தால் கனவு கலைந்துவிடும். ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க மட்டும் 90 யூரோ (2024 ஜூனில் ஏற்றிய கட்டணம்). எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். விசா கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது!

இந்தப் பேச்சு தட்டாஞ்சாவடியில் நடந்தால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. மாணவர்கள் விவரிக்கிற அந்தத் தெரு அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அதைப் பார்ப்பதற்கென்றே கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் தொழிற்பேட்டைக்கும் வழுதாவூர் சாலைக்கும் நடுவில் வளர்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் துய்மா வீதியை முழுக்க நடந்து பார்த்திருப்பார்கள்? "பீச்சுக்குப் போயிருக்கேன்" என்பார்கள். பீச்சுக்குப் போவது வேறு, ஊரைப் பார்ப்பது வேறு.

ஏன் இப்படி? உள்ளூர்க்காரனுக்கு உள்ளூர் அலட்சியம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். மீதி பாதி விலைப்பட்டியலில் இருக்கிறது.

அன்று வாய்க்கால், இன்று விலைப்பட்டியல்

பழைய புதுச்சேரியின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் முட்டை வடிவில் ஒரு நகரம் தெரியும். கிழக்கே கடல். மற்ற மூன்று பக்கமும் வளைந்து செல்லும் அகலமான சாலைகள். இன்றைய பெயரில் சொன்னால் வடக்கே வல்லபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. இந்த முட்டையை வடக்கு தெற்காகக் கிழிக்கிறது பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரம், வெள்ளை நகர். மேற்கே தமிழர்கள் வாழ்ந்த பகுதி. அதற்கு அன்றைய ஆட்சியாளர் வைத்த பெயர் கறுப்பு நகர். யார் எந்தப் பக்கம் குடியிருக்கலாம் என்பதைத் தோலின் நிறம் முடிவு செய்த காலம் அது.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைப்பு முழுமையானது. வாய்க்காலைத் தாண்ட இன்று யாருக்கும் தடையில்லை. ஆனால் தாண்டியதும் என்ன நடக்கிறது? பழைய பிரெஞ்சு வீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் ஆகிவிட்டன. வெளியே மாட்டியிருக்கும் பட்டியலில் ஒரு காபியின் விலை, தட்டாஞ்சாவடியில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடும் காசு. ஒரு மாணவன் அதைப் படித்துவிட்டு "இது நமக்கான இடமில்லை" என்று திரும்புகிறான். காவலர் யாரும் அவனைத் தடுக்கவில்லை, அவனாகவே திரும்புகிறான். நிறம் போட்ட கோட்டின் மேலேயே விலை இன்னொரு கோட்டைப் போட்டுவிட்டது.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்தக் கோடு பாதி கற்பனை. அந்த நகரத்தில் பார்க்கத் தகுந்த பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே கிடையாது. இருக்கிற கட்டணமும் மிகச் சிறியது. காசு கேட்பவை நாற்காலியும் காபியும் கட்டிலும்தான்.

கையில் நூறு ரூபாய், காலில் செருப்பு

ஒரு நாள் போதும். டெம்போவில் போகச் சில்லறைக் காசு, சைக்கிள் இருந்தால் அதுவும் வேண்டாம். காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விட வேண்டும். மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை மணிவரை அந்தச் சாலையில் வண்டிகள் ஓட அனுமதி இல்லை. அதனால் விடியற்காலையில் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே சொந்தம். பிரமாண்டமான காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை. அவற்றைச் செதுக்கியவன் தமிழ்ச் சிற்பி. சிலைக்கு எதிர்ப்புறமாக நடந்தால் 1836-ஆம் ஆண்டின் பழைய கலங்கரை விளக்கம். இன்னும் கொஞ்சம் நடந்தால் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1938-இல் எழுப்பிய நினைவுச் சின்னம். பிரான்சின் போருக்குப் போய் மடிந்தவர்களில் இந்த மண்ணின் ஆட்களும் உண்டு. இன்றும் ஒவ்வொரு ஜூலை 14-க்கும் அங்கே மாலை வைக்கிறார்கள். 'சொல்தா' வீட்டுப் பிள்ளைகள் யாராவது வகுப்பில் இருந்தால் அவர்களிடம் கேட்டால் இன்னும் நிறையக் கதை கிடைக்கும்.

அங்கிருந்து உள்ளே திரும்பலாம். கப்ஸ் கோயில் என்று ஊர் சொல்லும் தேவமாதா ஆலயம் 1855-இல் முடிந்தது. எதிரே சின்னத் தோட்டத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. பிறகு துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி என்று கால் போன போக்கில் நடக்கலாம். தொலைந்துபோவோமோ என்ற பயம் வேண்டாம், எல்லா வீதியும் நேர்க்கோடு. சதுரங்கப் பலகை போன்ற இந்தத் தெரு அமைப்புக்கு முதல் கோடு போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் இல்லை. 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள்!

இன்னொரு தகவலும் பலருக்குத் தெரியாது. கேமராவோடு வருகிறவர்கள் இதையெல்லாம் துய்ப்ளேக்ஸ் காலத்து வீடுகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்தது 1742 முதல் 1754 வரை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளை நகரையும் தரைமட்டமாக்கினார்கள். ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய பிறகு, 1765-இலிருந்துதான் மறுபடியும் கட்டத் தொடங்கினார்கள். இன்று நிற்கும் பிரெஞ்சு வீடுகள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. பழைய ஐரோப்பா என்று சொல்லப்படுவதன் வயது இவ்வளவுதான்.

மணக்குள விநாயகர் கோயில் அதே வெள்ளை நகருக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே அரவிந்தர் ஆசிரமம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. ஆசிரமத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். கோயில் வாசலில் தும்பிக்கையால் ஆசி தந்த லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று இறந்துபோனபோது ஊரே தெருவில் நின்று அழுதது. வெள்ளை நகரில் தமிழர்களின் மனசு எங்கே இருந்தது என்பதை அந்த ஒரு நாள் காட்டிக் கொடுத்தது.

செயின்ட் லூயி வீதியில் அருங்காட்சியகம் (திங்கள் விடுமுறை). சின்னத் தொகை வாங்குவார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும் பானை ஓடுகளும் அங்கே உண்டு. ரோமாபுரியோடு வியாபாரம் செய்த அந்தத் துறைமுகத்தை 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்து உலகத்துக்குச் சொன்னார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அந்த மேட்டுக்குச் சைக்கிளிலேயே போய்வரலாம். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்பே ஐரோப்பா இந்த ஊர் வாசலுக்கு வந்துவிட்டது என்று அங்கே நின்றால் தெரியும். வெயில் ஏறியதும் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஒதுங்கலாம். 1827-இல் தொடங்கியது. மின்விசிறியின் கீழே உட்கார்ந்து படிக்க யாரும் காபி வாங்கச் சொல்ல மாட்டார்கள்!

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

பெரும்பாலான பயணிகள் இத்தோடு ஊரைப் பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் பாதிதான் முடிந்திருக்கிறது. சொல்லப்போனால் சுமாரான பாதி.

பிரெஞ்சு வீடு தெருவுக்குக் காட்டுவது உயர்ந்த மதிலையும் மூடிய வாசலையும். தோட்டம், முற்றம், தூண் எல்லாம் உள்ளே. தெருவில் போகிறவனுக்கு மஞ்சள் சுண்ணாம்பும் மதில்மேல் தொங்கும் காகிதப்பூவும்தான் மிச்சம். வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழ் வீடு நேர்மாறாக இருக்கிறது. தெருவை ஒட்டி ஒரு தாழ்வாரம், மரத் தூண்கள், அதன் பின்னால் திண்ணை. தாழ்வாரம் வீட்டுக்காரருக்கு மட்டும் உரியது இல்லை, வெயிலில் வருகிற எவருக்கும் நிழல். திண்ணையில் உட்கார யாரும் அனுமதி கேட்டதில்லை. 'சாவடி' என்ற சொல்லுக்கே வழிப்போக்கர் தங்கும் இடம் என்றுதான் பொருள். அப்படிப்பட்ட பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து போகிறவர்களுக்குத் திண்ணையின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கையில் காசில்லாத பயணிக்காகவே கட்டிய கட்டடக்கலை என்று ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது இதுதான்.

வைசியாள் வீதியில், அதாவது கால்வே சுப்புராய செட்டி வீதியில், இந்த வீடுகளை வரிசையாகப் பார்க்கலாம். கீழ்த்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ், மேல்தளம் வளைவு ஜன்னலும் சுதைத் தூணுமாகப் பிரெஞ்சு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் இந்த வீதியின் முகப்புகளைப் பழையபடி புதுப்பித்தார்கள். இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நேவ் சுர் லோ நகரமும் கைகொடுத்தன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது வந்தது. ஐரோப்பாக்காரர்கள் உதவி செய்து காப்பாற்றியது பிரெஞ்சு வீதியை இல்லை, தமிழ் வீதியை!

ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லையென்றால் அந்தக் காலத்துப் புதுச்சேரியை இன்று தமிழில் யாரும் நேரில் பார்த்ததுபோல் படிக்க முடியாது. 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததும் அதில் இருக்கிறது. அழகான ஊர்தான், ஆனால் ஆட்சி அழகாக இருக்கவில்லை என்பதையும் பார்க்க வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. ஆங்கிலேயர் கைக்குச் சிக்காமல் 1908-இல் வந்தவர் பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தார். வறுமை கூடவே இருந்தது. கடற்கரையில் நடப்பதும் கருவடிக்குப்பம் பக்கத்துத் தோப்பில் உட்காருவதும் அவருக்குச் செலவில்லாத பொழுதுபோக்குகள். குயில் பாட்டு அந்தத் தோப்பில் பிறந்தது. குறைந்த செலவில் புதுச்சேரியைப் பார்ப்பது எப்படி என்று அவரைவிட யார் பாடம் நடத்த முடியும்? பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் இருக்கிறது. இரண்டும் நினைவு இல்லங்கள்.

பசித்தால் பெரிய மார்க்கெட்டைச் சுற்றி இட்லிக் கடைகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், சட்டையும் பழைய புத்தகமும் பேரம் பேசி வாங்கலாம். கடைசியாக ரயில் நிலையம் எதிரே இருதய ஆண்டவர் பசிலிக்கா. வண்ணக் கண்ணாடி வழியாக மாலை வெயில் உள்ளே விழும் நேரத்தில் போனால் பாரிஸ் போகவில்லையே என்ற ஏக்கம் கொஞ்சம் தணியும்.

கணக்குப் பார்த்தால்? போகவர டெம்போ, இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு அருங்காட்சியகச் சீட்டு, டீ. நூறு ரூபாய்த் தாள் போதாவிட்டால் இன்னொன்று. மூன்றாவது தேவைப்படாது.

விடுதிக்காரர்கள் வில்லன்களா?

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். வீடுகளை விடுதியாக மாற்றியதால்தானே அவை நிற்கின்றன? நியாயமான கேள்வி. சுண்ணாம்புச் சாந்தும் மெட்ராஸ் கூரையுமான ஒரு பழைய வீட்டைக் காப்பாற்றுவது எளிதான காரியம் இல்லை. கடல் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், மழையில் சுவர் ஊறும். வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதே கஷ்டம். வாரிசுகள் நாலு பேராகப் பிரிந்தால் இடித்து அடுக்குமாடி கட்டுவதுதான் லாபம். தமிழர் பகுதியில் பல வீடுகள் அப்படித்தான் போயின. கடற்கரையில் 1870-களில் கட்டிய மேரி கட்டடமே 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் அதே உருவத்தில் மறுபடியும் கட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுந்தது பழையது, நிற்பது புதியது.

ஆகவே, விடுதியால் வருமானம் வந்து ஒரு வீடு பிழைத்தால் அது நல்லதே. குறை வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டைக் காப்பாற்றிவிட்டு ஊர்க்காரரை வெளியே நிறுத்தினால், நாளைக்கு அந்த வீடுகளுக்காகக் குரல் கொடுக்க யார் இருப்பார்கள்? மேரி விழுந்தபோது ஊர் துடித்தது. எல்லோரும் அதைப் பார்த்துப் பழகியிருந்ததுதான் காரணம். உள்ளே கால் வைத்தே பார்க்காத ஒரு மாளிகை இடிந்தால் தட்டாஞ்சாவடிப் பையனுக்கு அது வெறும் செய்தி. எட்டு வருஷம் கழித்து அவனே ஓட்டுப் போடுவான், வீடு கட்டுவான், பொறியாளராக ஒப்புதல் கையெழுத்தும் போடுவான். அவனுக்கு ஒட்டுதல் இல்லாமல் போனால் எந்தச் சட்டமும் ஒரு செங்கல்லைக்கூடக் காப்பாற்றாது.

ஐரோப்பாவைக் காப்பியடிக்க வேண்டியது இதில்தான்

மஞ்சள் வண்ணத்தையும் காபிக் கடையையும் ஐரோப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டாயிற்று. அங்கே இருக்கும் நல்ல பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாமே? பிரான்சில் 1984-இல் மரபு நாள் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். செப்டம்பரில் ஒரு வார இறுதியில் அரசு மாளிகைகளும் தனியார் வீடுகளும் கதவைத் திறந்துவிடும். குடியரசுத் தலைவர் மாளிகையின் உள்ளேயும் சாதாரண ஜனங்கள் வரிசையில் நின்று போய்ப் பார்க்கலாம். இது ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. பாரிஸ் நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமே இல்லை. நோத்ர தாம் ஆலயத்துக்குள் நுழையவும் காசு இல்லை. பணக்கார நாடு, ஆனால் சொந்த ஊரைப் பார்க்க ஊர்க்காரரிடம் பணம் கேட்பது சரியில்லை என்று ஒரு எண்ணம் அங்கே இருக்கிறது.

புதுச்சேரியில் இதைச் செய்யப் பெரிய நிதி வேண்டியதில்லை. வருஷத்தில் ஒரு நாள், நவம்பர் 1 விடுதலை நாளாகவே இருக்கட்டும், மரபு வீடுகளின் முற்றம்வரை உள்ளூர் மாணவர்களை விடலாம். விடுதிகளும் சம்மதிக்கும், ஒரு நாள் விளம்பரம் கசக்குமா என்ன! புறநகர்ப் பள்ளிகளிலிருந்து ஒரு பேருந்து விட்டு, கூடவே விஷயம் தெரிந்த ஒருவரை அனுப்பினால் போதும். இதைவிட அவசரமானவை இன்னும் மூன்று. உட்கார நிழலில் பெஞ்சு, சுத்தமான கழிப்பறை, குடிக்கத் தண்ணீர். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் காசுள்ளவன் காபிக் கடைக்குள் போய்விடுவான். காசில்லாதவனும், முக்கியமாகப் பெண்களும், வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

பாரதி பூங்காவின் நடுவில் ஆயி மண்டபம் நிற்கிறது. வெள்ளை வெளேரென்று, பார்க்க அசல் ஐரோப்பா. புதுச்சேரி அரசின் சின்னமும் அதுதான். விருந்துக்கு வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கடலோர நகருக்கு நல்ல தண்ணீர் வந்ததன் நினைவாக எழுப்பியது அது. ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? முத்திரையர்பாளையத்திலிருந்து. தட்டாஞ்சாவடியிலிருந்து அதிக தூரமில்லை.

வெள்ளை நகர் குடித்த தண்ணீர் இந்தப் பக்கத்து மண்ணிலிருந்து போனது. அந்த மண்ணின் பிள்ளைகள் அங்கே போய் ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்து வருவதற்கு யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. பாரிஸுக்கு என்றைக்காவது போகலாம், போகவும் வேண்டும். அதற்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்தால் போதும்.